சயாம் என்னும் சொல்: கெடாத் தோட்டங்களின் போர்க்காலம், 1941–1945

மலேசியத் தமிழரின் போர்க்கால வரலாறு எழுதப்படும்போதெல்லாம் இரண்டு நிகழ்ச்சிகள் முன்வந்து நிற்கின்றன. ஒன்று, சயாம்–பர்மா மரண இரயில்பாதை. மற்றொன்று, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவம். இவற்றைப் பற்றி ஆய்வுகளும் நினைவுக் குறிப்புகளும் ஓரளவு வெளிவந்துள்ளன. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’, கெடா மண்ணைச் சேர்ந்த கோ. புண்ணியவானின் ‘கையறு’ ஆகிய புதினங்கள் இரயில்பாதையின் துயரைத் தமிழிலக்கியத்தில் நிலைபெறச் செய்தன. ஆயினும் இரயில்பாதைக்கும் போகாமல், படையிலும் சேராமல், தோட்டத்து லயங்களிலேயே கிடந்து போரைக் கடந்தவர்களின் வாழ்க்கை போதிய அளவில் எழுதப்படவில்லை. அவர்களே எண்ணிக்கையில் மிகுதியானவர்கள். பெண்களும் சிறுவர்களும் முதியோரும் அவர்களுள் பெரும்பகுதியினர்.

இக்கட்டுரைக்கு நாம் கெடா மாநிலத்தைத் தேர்ந்துகொண்டமைக்கு ஒரு காரணமுண்டு. கெடாத் தோட்டங்களில் வாழ்ந்த முதியோர் போரைப் பற்றிப் பேசும்போது இரண்டு தொடர்களை மாறி மாறிப் பயன்படுத்தக் கேட்டிருக்கிறோம். ஒன்று, ‘ஜப்பான்காரன் காலம்’. மற்றொன்று, ‘சயாமுக்குப் போனவர்’. வரலாற்று நூல்களைப் புரட்டினால், 1943 அக்டோபர் 18 முதல் போர் முடியும் வரை கெடாவே சயாமின் ஆட்சியின் கீழ் இருந்தது என்பதைக் காண்கிறோம். அப்படியாயின் அந்த இரண்டாண்டுக் காலத்திற்குச் ‘சயாம்காரன் காலம்’ என்றொரு பெயர் வழங்கியிருக்க வேண்டுமல்லவா? அப்படி எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை. ஆட்சியின் பெயராக மறைந்துபோன ‘சயாம்’, மனிதர்கள் காணாமற்போன இடத்தின் பெயராக மட்டும் நிலைத்துவிட்டது. ஏன் இவ்வாறு நேர்ந்தது என்று வினவிக்கொண்டு போனால், தோட்டத்து மக்களின் போர்க்கால வாழ்க்கை ஓரளவு புலப்படுகிறது.

வடக்கு வாயில்

கெடாவின் நிலவமைப்பை முதலில் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். வடக்கே கோத்தா ஸ்டார், குபாங் பாசு, யான் ஆகிய மாவட்டங்கள் நெல்வயல்கள் நிறைந்தவை; பெரும்பாலும் மலாய் உழவர் வாழ்ந்தவை. தெற்கே கோல மூடா, கூலிம், பாலிங், பண்டார் பாரு ஆகிய மாவட்டங்களில் கித்தாத் தோட்டங்கள் பரந்து கிடந்தன. தமிழர் பெரும்பாலோர் தெற்கில் வாழ்ந்தனர். சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், லூனாஸ் முதலிய ஊர்கள் அவர்களுக்குச் சந்தையும் கோயிலும் கடைத்தெருவுமாக விளங்கின. சயாமிலிருந்து வரும் நெடுஞ்சாலையும் இரயில்பாதையும் வடக்கு வயல்களைக் கடந்து இத்தோட்டங்களை ஊடறுத்துப் பினாங்கை நோக்கிச் சென்றன.

1941 டிசம்பர் 8ஆம் நாள் விடியற்பொழுதில் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவிலும், சயாமின் சிங்கோரா, பட்டாணி துறைமுகங்களிலும் இறங்கின. அன்று காலையே அலோர் ஸ்டார், சுங்கைப்பட்டாணி விமானத் தளங்கள் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. சுங்கைப்பட்டாணியைச் சூழ்ந்த தோட்டத்து மக்களுக்குப் போர் என்பது செய்தித்தாளில் வந்த செய்தியன்று. பால்வெட்டு நேரத்தில் கேட்ட ஓசை. டிசம்பர் 11 முதல் 13 வரை ஜித்ராவில் நடந்த சண்டையில் பிரித்தானியரின் 11ஆவது இந்தியப் படைப்பிரிவு சிதறியது. அலோர் ஸ்டார் ஆற்றுப் பாலம் தகர்க்கப்பட்டது. 14, 15ஆம் நாள்களில் குருனில் மீண்டும் தோல்வி. 16ஆம் நாளளவில் எஞ்சிய படை மூடா ஆற்றைக் கடந்து தெற்கே பின்வாங்கியது. ஒரு கிழமைக்குள் கெடா முழுமையும் கைமாறிவிட்டது.

அப்படைப்பிரிவின் பெயரில் ‘இந்திய’ என்னும் சொல் இருப்பது நம் கவனத்திற்குரியது. ஜித்ராவில் மழைநீர் நிறைந்த பதுங்குகுழிகளில் நின்றவர்களுள் பஞ்சாபியர், ஜாட்டுகள், கூர்க்காக்கள் ஆகியோர் பெருந்தொகையினர். சிதறிய சிப்பாய்கள் காடுகளிலும் கித்தாத் தோட்டங்களிலும் ஒளிந்து அலைந்தனர். அவர்களுள் ஒருவரே 14ஆவது பஞ்சாப் ரெஜிமெண்டின் முதற் பட்டாளத்தைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங். டிசம்பர் நடுவில் அவர் ஜப்பானிய மேஜர் புஜிவாரா இவைச்சியையும் கியானி பிரீதம் சிங்கையும் சந்தித்துப் பேசியதிலிருந்தே இந்திய தேசிய இராணுவத்தின் முதல் வடிவம் தோன்றியது. சிங்கப்பூரோடு இணைத்துப் பேசப்படும் அவ்வியக்கத்தின் தொட்டில் அலோர் ஸ்டார் வட்டாரம் என்பதை நம் பாடநூல்கள் இன்னும் சற்று அழுத்திச் சொல்லலாம்.

சிப்பாய்க்கும் தோட்டத் தொழிலாளிக்கும் இடையே மொழி உறவு இல்லை. இருவரையும் அங்குக் கொண்டுவந்து நிறுத்திய அரசு ஒன்றே. அந்த அரசு ஓடுவதை இருவரும் ஒரே கிழமையில் கண்டனர். தோட்டத்துத் துரைமார்களிற் பலர் தொண்டர் படையில் சேர்ந்திருந்தனர். எஞ்சியோர் மோட்டார் வண்டிகளில் தெற்கே புறப்பட்டனர். பினாங்கிலிருந்து ஐரோப்பியர் மட்டும் இரவோடிரவாக வெளியேற்றப்பட்ட செய்தியும் விரைவிற் பரவியது. காலைப் பெரட்டில் ஆளெண்ணிக்கை எடுத்த துரை மறுநாள் இல்லை. கிராணியும் கங்காணியும் தோட்டத்தின் பொறுப்பில் நின்றனர். துரைத்தனம் அசைக்க முடியாதது என்று எண்ணியிருந்த ஒரு தலைமுறைக்கு இஃது எத்தகைய காட்சியாக இருந்திருக்கும் என்பதைப் போருக்குப் பிந்திய தொழிலாளர் எழுச்சியைப் பயில்வோர் முதலில் எண்ணிப் பார்த்தல் நலம்.

பால் நின்றது, அரிசி நின்றது

மலாயாவின் கித்தா, மேலைநாட்டுச் சந்தையை நம்பி வளர்ந்தது. போர் அச்சந்தையை ஒரே நாளில் துண்டித்தது. ஜப்பானுக்குத் தேவைப்பட்டது மலாயாவின் விளைச்சலில் ஒரு சிறு பகுதியே; அதனையும் ஏற்றிச் செல்லக் கப்பல் போதவில்லை. எனவே பல தோட்டங்களில் பால்வெட்டு நின்றது, அல்லது பெயரளவில் நடந்தது. தோட்டத் தொழிலாளிக்கு வேலை நின்றால் கூலி மட்டுமன்று, எல்லாமே நின்றுவிடும். லயம், மருந்தகம், ஆயாக்கொட்டகை, அரிசி வழங்கல், பள்ளி யாவும் தோட்ட நிர்வாகத்தைச் சார்ந்தவை. நிலமும் அவனுடையதன்று. கிராமத்து உழவனுக்கு ஊர் உண்டு. தொழிலாளிக்கு இருந்தது தோட்டம் ஒன்றே.

போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரவழைத்தது. அவ்வரவு குன்றியதும் நாடெங்கும் பஞ்சம் தலைகாட்டியது. கெடாவின் நிலை இதில் விந்தையானது. மலாயாவின் நெற்களஞ்சியம் எனப்பட்ட மாநிலம் அது. அலோர் ஸ்டாரைச் சுற்றிய வயல்களுக்கும் பீடோங் லயங்களுக்கும் இடையே சில மணி நேரப் பயணமே. ஆயினும் நெல் அரசின் கட்டுப்பாட்டிற்குள் சென்றது. பங்கீட்டு அரிசி நாளடைவில் சுருங்கியது. எஞ்சியது கள்ளச்சந்தையில் தோட்டத்துக் கூலிக்கு எட்டாத விலையில் விற்றது. விளையும் இடத்திற்கு அருகில் இருப்பது வேறு, விளைந்ததை வாங்கும் ஆற்றல் பெறுவது வேறு. வங்காளத்தில் 1943இல் நேர்ந்த பெரும் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென் விளக்கிய உண்மையும் இதுவே. அதே ஆண்டில் கெடாவின் தெற்கு மாவட்டங்களிலும் அது சிறிய அளவில் அரங்கேறிற்று எனலாம்.

அரிசியின் இடத்தை மரவள்ளிக் கிழங்கு பிடித்தது. மரங்களுக்கு இடையிலும் லயத்துக் கொல்லையிலும், சில இடங்களில் கித்தா மரங்களை வெட்டியகற்றிய நிலத்திலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நடப்பட்டன. மரவள்ளி எளிதில் வளர்வது, அதனாலேயே ஏமாற்றுவது. வயிற்றை நிரப்பும், உடலைத் தேற்றாது. நெடுநாள் அதனையே உண்டவர்களிடம் கால்வீக்கமும் ஆறாப் புண்களும் மிகுந்தன. போருக்கு முன் தோட்டங்களில் கொசுவை ஒழிக்க வடிகால்களில் எண்ணெய் தெளிக்கும் முறை இருந்தது. எண்ணெயும் இல்லை, கொயினா மருந்தும் இல்லை என்றான பின் மலேரியா கட்டுக்கடங்காமற் பெருகியது. மரண இரயில்பாதையில் இறந்தவர்களைப் பற்றி நாம் பேசுகிறோம். அவ்வாண்டுகளில் லயத்திலேயே காய்ச்சலாலும் சத்துக் குறைவாலும் இறந்த குழந்தைகளைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு.

உடையின் தட்டுப்பாடு உணவைவிட மெல்ல வந்தது. ஆனால் பெண்களை அது கூடுதலாக வருத்தியது. போருக்கு முன் வாங்கிய சேலை மூன்றாம் ஆண்டில் கந்தலாயிற்று. கோணிச் சாக்கை அறுத்துத் தைத்து உடுத்தினர். கித்தாப் பாலைத் தகடாக்கி இடையில் சுற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஏற்றுமதியாக வேண்டிய பண்டம், வாங்குவாரின்றி, அதை உற்பத்தி செய்தவரின் மானத்தைக் காக்கும் ஆடையாயிற்று. விளக்கெரிக்கக் கித்தா விதை எண்ணெய், துவைக்கச் சாம்பல் எனப் பெண்கள் கண்டுகொண்ட மாற்று வழிகள் பல. இவ்வறிவு முழுவதும் வாய்மொழியிலேயே இருந்தது. நாம் அதனைத் தொகுத்திருப்பது சிறிதளவே.

ஒரு கிழமையில் மூன்று நிகழ்ச்சிகள்

1943 அக்டோபர் நடுப்பகுதியைக் கெடாத் தமிழர் வரலாற்றில் தனித்துக் குறிக்க வேண்டும். அக்டோபர் 17ஆம் நாள், சயாமிலிருந்தும் பர்மாவிலிருந்தும் போடப்பட்டு வந்த தண்டவாளங்கள் கொங்கொயித்தா என்னுமிடத்தில் இணைந்தன. 415 கிலோமீட்டர்ப் பாதை முடிவுற்றது. மறுநாள், 18ஆம் நாள், கெடாவும் பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு மாநிலங்களும் சயாமிடம் ஒப்படைக்கப்பட்டன. அதற்கு மூன்று நாள் கழித்து, 21ஆம் நாள், சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். ஐந்து நாள்களுக்குள் நிகழ்ந்த இம்மூன்றும் கெடாத் தோட்டத்துத் தமிழனை மூன்று பக்கம் இழுத்தன.

நான்கு மாநிலங்களின் கைமாற்றம் புதிதாக முளைத்ததன்று. 1909ஆம் ஆண்டு வரை கெடா சயாமின் மேலாட்சியில் இருந்தது. அவ்வாண்டு மார்ச்சில் கையெழுத்தான பாங்காக் உடன்படிக்கையால் பிரித்தானியரிடம் வந்தது. போரில் தன் பக்கம் நின்ற சயாமுக்குக் கைம்மாறாக ஜப்பான் அம்மாநிலங்களை 1943 ஆகஸ்டு 20 உடன்படிக்கையால் திருப்பிக் கொடுத்தது. கெடாவிற்குச் ‘சைபுரி’ என்னும் சயாமியப் பெயர் மீண்டது. தாய் இராணுவ அதிகாரிகள் அலோர் ஸ்டாருக்கு வந்தனர். மலாய் அரசவைக்கும் நிர்வாகத்தினருக்கும் இம்மாற்றம் பொருளுடையதாக இருந்தது.

தோட்டத்தில் என்ன மாறியது? ஜப்பானியப் படை அங்கேயே இருந்தது. புழங்கிய பணம் ஜப்பானியத் தாளே. 1944இல் இந்நான்கு மாநிலங்களுக்கெனத் தாய்லாந்து தனி அஞ்சல் தலைகளை வெளியிட்டபோதும் அவற்றின் மதிப்பு மலாயாவின் ‘சென்’ கணக்கிலேயே அச்சிடப்பட்டது. அஞ்சல் தலையை ஆவணமாகக் கொள்வது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அரசு மாறியும் பணம் மாறாத நிலையை இதனினும் சுருக்கமாகக் காட்டும் சான்று வேறில்லை. பங்கீடு கூடவில்லை, பால்வெட்டு திரும்பவில்லை. ஒன்று மட்டும் மாறியது. மூடா ஆற்றின் கீழ்ப்போக்கு நெடுங்காலமாகக் கெடாவிற்கும் புரோவின்ஸ் வெல்லெஸ்லிக்கும் இடைப்பட்ட எல்லை. 1943 அக்டோபருக்குப் பின் அதன் வடகரை சயாம், தென்கரை ஜப்பானிய மலாயா. இக்கரைத் தோட்டத்தில் அண்ணனும் அக்கரைத் தோட்டத்தில் தங்கையுமாக வாழ்ந்த குடும்பங்களுக்கு இடையே, காகிதத்திலேனும், இரு நாடுகளின் எல்லை வந்து அமர்ந்தது.

எனவேதான் தோட்டத்து நினைவில் ‘சயாம்காரன் காலம்’ இடம்பெறவில்லை என்று நாம் கருதுகிறோம். மக்கள் ஆட்சியைக் கொடியால் அடையாளம் காண்பதில்லை. அரிசியாலும் ஆள்பிடிப்பாலும் அடையாளம் காண்கின்றனர். அவ்விரண்டையும் 1942 முதல் 1945 வரை தீர்மானித்தவன் ஜப்பான்காரன். மக்கள் வைத்த பெயர் அரசியல் சட்டப்படி தவறு, வரலாற்றுப்படி சரி.

போனவர், பிடிக்கப்பட்டவர்

இனிச் ‘சயாம்’ என்பதன் மற்றொரு பொருளுக்கு வருவோம். முதலில் போர்க் கைதிகளைக் கொண்டு தொடங்கிய இரயில்பாதை வேலைக்கு, 1943இன் முற்பகுதியிலிருந்து மலாயாத் தொழிலாளர் பெருந்தொகையாக அனுப்பப்பட்டனர். மலாயாவிலிருந்து சென்றோர் 70,000க்கும் மேற்பட்டவர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். இறந்தோர் எண்ணிக்கையில் ஆய்வாளரிடையே ஒற்றுமையில்லை. எந்தக் கணக்கை எடுத்தாலும் அது பல பத்தாயிரங்களில் நிற்கிறது.

தோட்டத்துப் பேச்சில் இந்நிகழ்ச்சியைக் குறிக்க இரு வினைகள் வழங்குகின்றன. ‘அப்பா சயாமுக்குப் போனார்’ என்பர் சிலர். ‘அப்பாவைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள்’ என்பர் வேறு சிலர். தமிழாசிரியர்கள் இவ்வேறுபாட்டைப் பேச்சுவழக்கின் தற்செயல் என்று விட்டுவிடலாகாது. முன்னதில் அப்பா எழுவாய், பின்னதில் செயப்படுபொருள். உண்மையில் இருவகை ஆள்சேர்ப்பும் நடந்தன. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒரு வெள்ளிக் கூலி, உணவு, மருத்துவம், மூன்று மாத ஒப்பந்தம் என்று சொல்லப்பட்டது. வேலையின்றி மரவள்ளியோடு மல்லுக்கட்டியவனுக்கு இது பெரிய வாக்கு; சிலர் மனைவி மக்களோடும் புறப்பட்டனர். சென்றவர் திரும்பாததும் கடிதம் வராததும் தெரிந்த பின் எவரும் முன்வரவில்லை. அதன்பின் வந்தது கட்டாயம். தோட்டத்திற்கு இத்தனை ஆள் என்று கேட்கப்பட்டது; கிராணியும் கங்காணியும் பெயர் எழுத வேண்டியதாயிற்று. மலாயாவின் சில ஊர்களில் இலவசப் படக்காட்சி என்று அழைத்து, வந்தவர்களை அப்படியே இரயிலேற்றினர். ஆகவே வாய்மொழிச் சான்றைப் பதிவு செய்வோர், சொல்பவர் கையாளும் வினையை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்; குடும்பம் அந்தப் பிரிவை எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பது அதில் அடங்கியிருக்கிறது.

பெயர் எழுதிய கிராணியைப் பற்றியும் ஒரு சொல். மலேசியத் தமிழ்ப் புனைகதைகளில் அவர் பெரும்பாலும் துரோகியாகவே வருகிறார். நம் எண்ணத்தில் இது முழு நியாயமன்று. தம் உறவினரைக் காத்து வேண்டாதவர் பெயரை எழுதியோரும் இருந்திருப்பர். ஆள் தராவிட்டால் தம் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் நின்றோரும் இருந்திருப்பர். துரை விட்டுப்போன இடத்தில், துரையின் அதிகாரம் எதுவுமில்லாமல் பொறுப்பை மட்டும் சுமந்தவர் அவர்.

கெடாவின் தனித்தன்மை இங்கும் உண்டு. கெமாசிலிருந்து வடகிழக்கே செல்லும் கிழக்குக்கரை இரயில்பாதையின் பெரும்பகுதியை ஜப்பானியர் பெயர்த்தெடுத்து மரண இரயில்பாதைக்குப் பயன்படுத்தினர். எனவே சிங்கப்பூர், ஜொகூர், சிலாங்கூர், பேராக் ஆகிய இடங்களிலிருந்து சயாமுக்குச் சென்ற சரக்கு வண்டிகள் சுங்கைப்பட்டாணி, குருன், அலோர் ஸ்டார் வழியாகவே பாடாங் பெசாரை அடைந்தன. போர்க் கைதிகளும் தொழிலாளரும் மூடிய பெட்டிகளில் நான்கைந்து நாள் பயணம் செய்த வழி இது. மலாயாவின் மற்றப் பகுதியினர் தம் ஊரிலிருந்து சென்றவர்களை மட்டும் கண்டனர். இருப்புப்பாதையோரத் தோட்டத்துக் கெடாத் தமிழர், நாடு முழுவதிலுமிருந்து சென்றவர்கள் தம்மைக் கடந்து போவதைக் கண்டனர்.

அங்கே நேர்ந்தவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. அது பலரும் எழுதியது. ஒன்றை மட்டும் குறிப்போம். போர்க் கைதிகளிடம் அதிகாரிகளும் மருத்துவர்களும் பெயர்ப் பட்டியல்களும் இருந்தன. ஒளித்து எழுதப்பட்ட நாட்குறிப்புகள்கூட எஞ்சின. போருக்கு முன் மலாயாத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய ராபர்ட் ஹார்டியின் நாட்குறிப்பு அவற்றுள் ஒன்று. தமிழ்த் தொழிலாளரிடம் இவற்றுள் எதுவுமில்லை. 1943 நடுவில் வாந்திபேதி பரவியபோது அவர்களின் முகாம்களே மிகுதியாக அழிந்தன. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகளுக்குத் தனித்தனிக் கல் உண்டு. தொழிலாளருக்குத் தனிக் கல்லறைத் தோட்டம் அமைக்கப்படவில்லை. 2023ஆம் ஆண்டு மே மாதம் காஞ்சனபுரியில் தமிழர் நினைவாக ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. இரயில்பாதை முடிந்து எண்பது ஆண்டுகள் ஆகவிருந்த வேளை அது.

மரண இரயில்பாதை ஒன்றே சயாம் வேலையும் அன்று. 1943இன் பிற்பாதியில் சும்போனிலிருந்து கிரா நிலஇடுக்கின் குறுக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளத்திற்கு மற்றொரு பாதை போடப்பட்டது. அங்கும் மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரே பெரிதும் உழைத்தனர். ‘சயாமுக்குப் போனவர்’ என்று நம்மிடம் ஒரு குடும்பம் சொல்லும்போது, காஞ்சனபுரியையே எண்ணிக்கொள்வது பிழையாகலாம். எந்த மாதம் போனார், எந்த நிலையத்தில் ஏறினார், திரும்பியவர் எவரேனும் இடப்பெயர் சொன்னாரா என்று கேட்டறிதல் வேண்டும்.

திரும்பியோரும் திரும்பாதோரும்

தப்பியவர்கள் தெற்கு நோக்கி நடந்தும் வண்டிகளில் ஒளிந்தும் வந்தனர். அவர்கள் வந்து சேர்ந்த முதல் மலாயா மண் பெர்லிசும் கெடாவுமே. அலோர் ஸ்டாரில் அக்காலத்தில் அரசுப் பணியில் இருந்த துங்கு அப்துல் ரஹ்மானும் அவரைச் சூழ்ந்த இளைஞர்களும் இவ்வாறு வந்த ஏதிலிகளுக்குப் பொருள் திரட்டி அடைக்கலம் அளித்தனர். பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான அவர், சயாமிலிருந்து உருக்குலைந்து திரும்பிய தொழிலாளரை நேரிற் கண்டவர். இச்செய்தி தமிழ்ப் பாடநூல்களில் இடம்பெறத் தக்கது. தமிழருக்கு நேர்ந்த அவலத்தைத் தமிழர் மட்டுமே கண்டனர் என்னும் எண்ணம் சரியன்று. வடகெடாவின் மலாய்க் கிராமத்தார் கண்டதும் செய்ததும் இன்னும் நம்மால் கேட்டறியப்படவில்லை.

திரும்பாதோரின் வீட்டில் நேர்ந்தது வேறு வகை இன்னல். கணவன் இறந்துவிட்டான் என்று அறிவிக்க எந்த அலுவலகமும் இல்லை. தாலியை வைத்துக்கொள்வதா, கழற்றுவதா என்பதை அவள் தானே முடிவு செய்ய வேண்டியிருந்தது. இறந்த திதி தெரியாதவர்க்கு அமாவாசையில் படைப்பது நம் மரபு. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் ‘சயாமுக்குப் போனவருக்கு’ என்று இலை போட்ட வீடுகள் தோட்டங்களில் இருந்தன. படைத்தால் இறந்தார் என்று ஒப்புக்கொண்டதாகும் என்று அஞ்சிப் படைக்காமலேயே இருந்த வீடுகளும் இருந்தன. ‘சயாமுக்குப் போனவர்’ என்னும் தொடர் நிலைத்தமைக்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதலாம். இறந்தவர் என்றும் சொல்ல இயலாது, இருப்பவர் என்றும் சொல்ல இயலாது. இடத்தின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத்து இளைஞர் சேர்ந்தமைக்கு நாட்டுப்பற்றை மட்டுமே காரணமாக்குவது நம் வழக்கம். 1943இல் ஒரு பக்கம் இரயில்பாதைக்கு ஆள்பிடிப்பு, மறுபக்கம் படைச் சேர்ப்பு. படையிற் சேர்ந்தவனை இரயில்பாதைக்குப் பிடிப்பது அரிது. சீருடை, சோறு, ‘தோழரே’ என்னும் விளி ஆகியவை கூலி என்று மட்டுமே அழைக்கப்பட்டவனுக்குக் கிடைத்தன. உயிர் தப்பும் எண்ணமும் மானவுணர்ச்சியும் ஒரே மனத்தில் சேர்ந்திருப்பதில் முரண்பாடு இல்லை. இந்திய சுதந்திர லீக்கின் கிளைகள் தோட்டங்களில் தேசியப் பள்ளிகளையும் உதவிப் பணிகளையும் நடத்தியதும், பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தியதும் இச்சூழலிலேயே.

வாழைமரத்து நோட்டு

நகர்ப்புறத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஜப்பானியர் அச்சிட்ட பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்தமையால் அப்பணத்திற்கே ‘வாழைமரத்து நோட்டு’ என்று பெயராயிற்று. வரம்பின்றி அச்சிடப்பட்ட அத்தாள், போர் முடிந்ததும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. சேர்த்து வைத்தவர் கையில் எஞ்சியது காகிதமே. சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் ஊர்களில் வட்டிக்கடை நடத்திய நகரத்தாருக்கு வேறொரு சிக்கல். போருக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனைப் பலர் போர்க்காலத்தில் இந்தத் தாளால் அடைத்துப் பத்திரத்தை மீட்டனர். அக்கடன் தீர்ந்ததா இல்லையா என்னும் வழக்குகளுக்கு விடையாக 1948இல் கடனாளி–கடனீந்தோர் சட்டம் வந்தது. தாளின் மதிப்பு மாதந்தோறும் வீழ்ந்தவாற்றைக் காட்டும் அட்டவணை அதன் பகுதியாயிற்று. தோட்டத் தொழிலாளியின் சேமிப்புக்கு அப்படி ஓர் அட்டவணை எவரும் வகுக்கவில்லை.

1945 செப்டம்பரில் பிரித்தானியர் திரும்பினர். சயாமின் ஆட்சி சந்தடியின்றி முடிந்தது. துரைமார் மீண்டும் வந்து பெரட்டு எடுத்தனர்; ஆனால் எதிரில் நின்றவர்கள் 1941இல் நின்றவர்கள் அல்லர். 1946இல் பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடை மறியலும் அணிவகுப்பும் தோட்டம் தோட்டமாகப் பரவின; 1947இல் போலீசாருடன் மோதல்கள் நேர்ந்து உயிரிழப்பும் ஏற்பட்டது. அவ்வணிவகுப்பில் இந்திய தேசிய இராணுவத்தின் சாயலை ஆய்வாளர் கண்டுள்ளனர். நாம் அதனோடு மரவள்ளித் தோட்டத்தையும் சேர்த்துக் காண்போம். துரை இல்லாமலே மூன்றாண்டு எட்டு மாதம் உயிர்வாழ்ந்து காட்டியவர்கள் அவர்கள்.

1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஏறத்தாழ 6,24,000 இந்தியர் இருந்தனர். 1947இல் ஏறத்தாழ 6,00,000. இக்குறைவு முழுவதையும் போரின் மேல் ஏற்றுவது பொருந்தாது. 1930களின் பொருளாதார மந்தத்தில் பலர் திருப்பியனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. ஆயினும் இடைப்பட்ட பிறப்புகளையெல்லாம் விழுங்கிவிட்டு எண்ணிக்கை கீழிறங்கியிருப்பது எண்ணத்தக்கது.

இவ்வெண்களைத் தோட்டவாரியாகப் பிரித்தறிய ஆவணம் தேடுவோர்க்கு ஒரு குறிப்பு. தோட்டக் கணக்கேடுகள் போரிலும், பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் பெரும்பாலும் அழிந்தன. பழைய தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் எங்கேனும் பிழைத்திருந்தால், 1945 இறுதி முதல் 1948 வரையுள்ள பக்கங்களைப் பார்க்கலாம். தந்தையின் பெயருக்குரிய இடத்தில் தாயின் பெயரோ மாமனின் பெயரோ பாட்டியின் பெயரோ எழுதப்பட்டிருக்கும் மாணவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், ஒரு தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போய்த் திரும்பாதோர் தொகையை ஓரளவு கணிக்க இயலும். பதிவேடு கறையானுக்கு இரையாகுமுன் அதனைப் படியெடுக்கத்தக்க நிலையில் இருப்பவர்கள் அப்பள்ளிகளில் இன்று பணியாற்றும் ஆசிரியர்களே.